துக்க வீட்டில் ரேடியோ

மும்பை, பிப்ரவரி 11

கித்தேரி அக்கா,

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு எனக்கு போன் வந்தது. நலம் கேட்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன். மீன் கம்பெனியின் குளிர் அறைக்குள் கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திரையில் ஒலிந்தா பெயர். எடுத்து, "என்ன, இறால் கிடைக்கலையா?" என்றேன். பேசியது யாரோ ஒரு ஆள். இந்த போனை வைத்திருந்த பெண் மட்காவ் சந்தையில் விழுந்துவிட்டாள், கடைசியாகப் பேசிய நம்பர் இதுதான், உடனே வாங்க என்றார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை. என் மனைவி. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள்.

அன்றிலிருந்து போன் அடித்தால் கை போவதில்லை. சார்ஜ் போடுகிறேன், பையில் வைக்கிறேன், அடிக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டதெல்லாம் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதம் போடுங்கள், கடிதம் சத்தம் போடாது.

இங்கே நம் ஊர் ஆட்கள் தங்குகிற கிளப்பில்தான் படுக்கை. துறைமுகத்துக் குளிர் கிடங்கில் வேலை. வேலை கிடைத்தது, வந்துவிட்டேன், அவ்வளவுதான். மாமனாரைத் தனியாக விட்டுவிட்டுப் போனான் என்று ஊர் பேசும். கேபே ஊரில் உங்கள் வீட்டைப் பூட்டாத குறையாக விட்டுவிட்டு அவரோடு வந்து தங்கியிருக்கிறீர்கள். ஆண்டவர் உங்களுக்கு நல்லது செய்வார். மெனீன் அண்ணனின் கால் புண் ஆறியதா? பப்பா எப்படி இருக்கிறார்?

உங்கள் ஆசீர் வேண்டும்,
அன்செல்ம்


பிப்ரவரி 24

அன்புத் தம்பி அன்செல்முக்கு,

அக்காவின் ஆசீர். நானும் பப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. என் வீட்டுக்காரருக்குப் புண் ஆறவில்லை. நான் பக்கத்தில் இல்லை என்றதும் மனுஷன் இனிப்பைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பப்பா விஷயம் எனக்குப் புரியவில்லை. நீ கிளம்பிய அன்று ஆரம்பித்தது. காலையில் பாவ்காரன் ஹார்ன் அடித்து, ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். உடனே பப்பா எழுந்து ரேடியோவைப் போடுகிறார். முழுச் சத்தத்தில் தியாத்ர் நாடகப் பாட்டு. டிவியைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன், வருஷம் திரும்பும்வரை பாட்டே கேட்கக் கூடாத வீடு. தவக்காலம் வேறு தொடங்கிவிட்டது. பெர்ப்பெத்து மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன கித்தேரி, வீட்ல கல்யாணமா? எங்களுக்குச் சொல்லவே இல்லியே" என்றாள். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

ஏன் பப்பா போடுறீங்க என்று கேட்டேன். "ஒலிந்தா போடச் சொன்னா" என்கிறார். செத்தவள் சொன்னாளாம். அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒலிந்தா போயிட்டா பப்பா, தெரியுதா?" என்றேன். "சந்தைக்குத்தானே" என்றார். சொல்லிவிட்டுத் தெருமுனைக் குருசு வரைக்கும் நடக்கப் போய்விட்டார்.

இவர் முன்பும் இப்படித்தானா? நாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவன் நீ. எனக்குக் கல்யாணமாகி எத்தனை காலம் ஆகிவிட்டது. ரேடியோ விஷயம் உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

கடவுள் காக்கட்டும்,
கித்தேரி


மும்பை, மார்ச் 6

கித்தேரி அக்காவுக்கு வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணனின் காலைத் தினமும் வெந்நீரில் கழுவி, விரலிடுக்கு ஈரமில்லாமல் துடைக்கச் சொல்லுங்கள்.

பப்பாவின் கஞ்சிக்கு உப்புக் குறைவாகப் போடுங்கள், பிரஷர் உண்டு. கருவாடு கேட்பார், சின்னத் துண்டு கொடுத்தால் போதும். வலது காதை விட இடது காது கொஞ்சம் தேவலை.

இங்கே கிளப்பில் சாயங்காலம் எல்லாரும் ஒன்றாக ஜெபமாலை சொல்கிறோம். வராவிட்டால் மேனேஜர் முறைப்பார். வாய் சொல்லிக்கொண்டு போகிறது, எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்று தெரிவதில்லை. கிடங்குக்குள் மைனஸ் பதினெட்டு. கையுறை போடாமல் வால்வைத் திருகிக்கொண்டிருந்தேன் என்று சூப்பர்வைசர் கத்தினார். வலிக்கவில்லை, அதனால் தெரியவில்லை என்றேன். "அதுக்குத்தான்டா கையுறை" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

வேறு விசேஷம் இல்லை. பெர்ப்பெத்து மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்செல்ம்


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு ஆசீருடன்,

கஞ்சி, உப்பு, காது எல்லாம் எழுதினாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. போகட்டும்.

புதன்கிழமை பப்பாவை ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப் போனேன். வயதானவர்களின் மனசைப் பார்க்கிற கிளினிக், போன வருஷம் ஒலிந்தா கூட்டிப் போன அதே இடம். ஆனால் அப்போது வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போவாளாமே ஷெவந்தி என்று ஒரு பெண், அவள் இல்லை. வீட்டுக்கு வரும் திட்டம் டிசம்பரோடு முடிந்துவிட்டதாம், அவளும் கல்யாணமாகி பெல்காவ் போய்விட்டாளாம். புதிதாக இருக்கும் பெண்ணுக்குப் பப்பாவைத் தெரியாது, டாக்டரும் புதியவர். பழைய ஃபைல் எங்கே என்றால் திட்டத்தோடு போயிருக்கும் என்கிறாள். எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். இரண்டைச் சரியாகச் சொன்னார் பப்பா. மூன்றாவதற்கு "ஃபெனி" என்று சாராயத்தின் பெயரைச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டு, எண்ணெல்லாம் போட்டு, முள் போடாமல் கொடுத்தார். முள் எங்கே என்று டாக்டர் கேட்க, "மணி என்னன்னு நீங்க சொல்லவே இல்லியே" என்றார். அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாரோடு வந்தீர்கள் என்றால், "மகளோட" என்கிறார். எந்த மகள் என்று நானும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். மறதி நோயும் துக்கமும் வயதானவர்களிடம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருமாம். எது எது என்று சொல்ல, இதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று கூடவே இருந்த ஒருவர் சொல்ல வேண்டுமாம். அப்படி இருந்தது இரண்டு பேர். ஒருத்தி இல்லை. நீ வா. வர முடியாவிட்டால் எழுதியாவது அனுப்பு. தூக்கம், சாப்பாடு, வழி தவறுவாரா, சொன்னதையே சொல்வாரா, காலையில் எழுந்ததும் என்ன செய்வார், எல்லாம் வேண்டும்.

மறதி நோய் என்றால் என்னால் பார்த்துக்கொள்ள முடியாது, சொல்லிவிட்டேன். கன்னியாஸ்திரிகளின் ஹோமில்தான் கேட்க வேண்டும்.

கித்தேரி


மும்பை, ஏப்ரல் 7

கித்தேரி அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? நான் சுகம். டாக்டர் கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரு மெஷின் நின்றுபோனால் அதற்கு முன்னால் என்ன சத்தம் வந்தது என்று கேட்போம், அது மாதிரி யோசித்துப் பார்த்தேன்.

தூக்கம் வரும், ஆனால் தூங்கிய மாதிரி இருக்காது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். என்ன சாப்பிட்டோம் என்று உடனே கேட்டால் சொல்ல வராது. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விடுவார், திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போவார். பல் தேய்த்தோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை தேய்ப்பார். கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு ஒன்றை ஆறவிடுவார். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் பெயர் என்று தெரியும். கோபம் கிடையாது. அழுகையும் கிடையாது. அது வந்தால் தேவலை.

காலையில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த நேரம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன்.

ஈஸ்டர் வாழ்த்து. அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்செல்ம்


ஏப்ரல் 18

தம்பி அன்செல்ம்,

நீ எழுதியதை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்தார், திரும்பப் படித்தார். "இவர் எந்த ரயில்ல போவார்?" என்று கேட்டார். பப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர், கப்பலை விட்டு இறங்கிய பிறகு பஸ்ஸில் ஏறவே யோசிப்பார் என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எங்க கிளினிக் அறுபது தாண்டினவங்களுக்குத்தான். ஆனா இதை எழுதினவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

நான் பப்பாவைப் பற்றித்தான் கேட்டேன் தம்பி.

பெரிய வெள்ளியன்று இங்கே நடந்ததைக் கேள். கோயிலில் மணிகூட அடிக்காத நாள், மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனத்தைக் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கும் பாவ் வந்தது, இவர் ரேடியோவைப் போட்டார். ஊர்வலத்துக்குப் போக நின்ற ஜனமெல்லாம் நம் வாசலைப் பார்த்தது. ஃபாதர் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்தார், அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வீட்டுக்கு வந்து பேட்டரி நாலையும் உருவி என் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். பப்பா ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்டை போடவில்லை.

நீ இதற்காவது பதில் எழுது.

கித்தேரி


மே 9

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? கிளப் நம்பருக்குக் கூப்பிட்டேன், மேனேஜர் நீ வேலைக்குப் போகிறாய், வருகிறாய் என்றார். அது போதும்.

பப்பா அமைதியாகிவிட்டார். ரேடியோவைக் கேட்பதில்லை, குருசுக்கும் நடப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கஞ்சி இரண்டு கரண்டி இறங்குகிறது. சவரம் வேண்டாம் என்கிறார். பெர்ப்பெத்து மாமி வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் இது துக்க வீடு மாதிரி இருக்கு" என்று திருப்தியாகப் போனாள். நல்லதுதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் ராத்திரி எழுந்து எழுந்து அவரைப் பார்க்கிறேன்.

கன்னியாஸ்திரிகளின் ஹோமில் ஜூன் முதல் ஒரு கட்டில் காலியாகிறது. சொல்லி வைத்துவிட்டேன். அவரிடமும் சொன்னேன். "அப்படியா" என்றார். என் வீட்டுக்காரரின் கால் விரல் கறுத்துப்போயிருக்கிறது, நான் கேபேக்குப் போயாக வேண்டும்.

நன்றாக இரு,
கித்தேரி


மே 19

மருமகன் அன்செல்முக்கு கயதான் எழுதுறது. நான் சுகம். நீயும் சுகமா இருக்கணும்.

ரேடியோவுல பேட்டரி இல்ல. கித்தேரி எடுத்துட்டா. கேட்டா துக்கம் பப்பாங்குறா. துக்கம்னு எனக்குத் தெரியாதா. தினம் போடணும், புடிச்சாலும் போடணும், புடிக்காட்டியும் போடணும்னு ஒலிந்தா சொல்லியிருக்கா. போட்டாத்தான் நடக்க முடியுது. கப்பல்ல மணி அடிச்சாத்தான் அடுப்புக்கிட்ட போவோம். மணி அடிக்கலேன்னா யார் எழுந்திரிப்பா.

என்னை எங்கியோ கொண்டுபோய் விடப் போறாங்க. அங்க ரேடியோ போட விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு. பேட்டரி பெரிய சைஸ், நாலு. எந்தக் கடைன்னு ஒலிந்தாவுக்குத் தெரியும்.

இதைப் பாவ்காரன்கிட்ட கொடுத்து தபால்ல போடச் சொல்றேன். வெங்காயம் நறுக்க ஆள் இல்ல.

பப்பா


மும்பை, மே 25

கித்தேரி அக்கா,

உங்கள் நலம் கேட்கிறேன். என் நலம் பிறகு.

பேட்டரியைத் திரும்பப் போடுங்கள். அவர் செய்துகொண்டிருந்தது பைத்தியம் இல்லை, வைத்தியம்.

போன வருஷம் மழைக்காலம் முழுக்கப் பப்பா படுக்கையை விட்டு எழவில்லை. உங்கள் அம்மா இறந்து வருஷங்கள் கழித்து அப்படி ஆனார், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒலிந்தா கிளினிக்கில் சண்டை போட்டு ஷெவந்தியை வீட்டுக்கு வரவழைத்தாள். அந்தப் பெண் மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. கப்பலில் என்ன பிடிக்கும் என்று கேட்டாள். சமைக்கும்போது பாட்டு என்றார். அதிலிருந்து ஒன்று பிடித்தார்கள். பாவ் வந்ததும் ரேடியோ, ரேடியோ முடிந்ததும் குருசு வரைக்கும் நடை, நடந்து வந்ததும் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்க வேண்டும். மனசு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, செய்துகொண்டே இருந்தால் மனசு தானாகப் பின்னால் வரும் என்றாள். பப்பா அவளைத் திட்டினார். இரண்டு மாதம் திட்டிக்கொண்டே செய்தார். அப்புறம் திட்டுவதை மறந்துவிட்டார். ஒரு நாள் தப்பினாலும் ஒலிந்தா விட மாட்டாள். "பப்பா, மருந்து" என்று கத்துவாள். பாட்டு வந்ததும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் இரண்டு அடி ஆடுவாள்.

துக்கத்துக்கு வந்த ஜனம் போகும்வரை பப்பா பொறுத்துக்கொண்டிருந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து மறுநாள் காலை ரேடியோவைப் போட்டார். நான் கட்டிலிலிருந்து எழுந்து சமையலறைக்கு ஓடினேன் அக்கா. அவள் அங்கே ஆடிக்கொண்டிருப்பாள் என்று நிச்சயமாக நினைத்துக்கொண்டு ஓடினேன். நீங்கள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தீர்கள். "என்ன தம்பி, தண்ணி வேணுமா?" என்று கேட்டீர்கள்.

அன்றைக்கே டிக்கெட் எடுத்துக் கிளம்பினேன். காலையில் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்டபோது தெரியாது என்று எழுதியதும் அதனால்தான்.

அவருக்கு மறதியும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஒலிந்தா போனது அவருக்குத் தெரியுமா என்றும் எனக்குத் தெரியவில்லை. ரேடியோ மட்டும் தெரியும். அவரை அனுப்பாதீர்கள்.

அன்செல்ம்


ஜூன் 2

அன்செல்ம்,

பிப்ரவரியில் கேட்டேன், மார்ச்சில் கேட்டேன். என் கையால் அவர் மருந்தைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டும்வரை நீ வாய் திறக்கவில்லை. இதற்கு மேல் உன்னைத் திட்டத் தெரியவில்லை. திட்டினாலும் உனக்கு வலிக்காது, கையுறை போடாதவன் நீ.

கடிதம் வந்த மறுநாள் காலையே பேட்டரியைப் போட்டேன். பெர்ப்பெத்து மாமி கேட்டால் கேட்கட்டும் என்று நானே முழுச் சத்தமாக வைத்தேன். பாட்டு வந்தது, முடிந்தது. பப்பா சுவரைப் பார்த்துப் படுத்தே இருந்தார். தினமும் வைக்கிறேன். எழவில்லை. "பப்பா, மருந்து" என்று சொல்லிப் பார்த்தேன். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது.

டாக்டரிடம் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், தினமும் கூட ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் ஹோம்தான் நல்லது என்கிறார். கன்னியாஸ்திரிகள் பதினைந்தாம் தேதிவரை கட்டிலை வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு விரலை எடுக்கப் போகிறார்கள், நான் அதற்கு முன் போயாக வேண்டும். என் தங்கை செத்துப்போனாள் அன்செல்ம். அதை ஒரு நாள் உட்கார்ந்து நினைக்க எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

வருவதானால் வா. வராவிட்டால் அவர் போவார். வேறு வழி இல்லை.

கித்தேரி


வீட்டிலிருந்து, ஜூன் 28

கித்தேரி அக்காவுக்கு,

மெனீன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாரா? தையல் காயும்வரை மழைத் தண்ணீர் படக் கூடாது. நீங்கள் சாப்பிட்டுத் தூங்குங்கள். ஹோமுக்கு எழுதிவிட்டேன், கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். கிடங்கு வேலையையும் விட்டாயிற்று. மீன் கம்பெனியில் மறுபடி கேட்டிருக்கிறேன்.

நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பாவ் வந்தது, ரேடியோவைப் போட்டேன், அவர் சுவரைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நான் குடையை எடுத்துக்கொண்டு குருசு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். வந்து வெங்காயம் நறுக்கினேன். நன்றாக நறுக்க வராது. அடுத்த நாளும் அதேதான். அப்படி ஒரு நாள் வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "செருப்பு போட்டுட்டுப் போ. பாசி வழுக்கும்."

மறுநாள் எழுந்து உட்கார்ந்தார். "சத்தத்தைக் கூட்டு" என்றார். கூட்டினேன். "எனக்கு இந்தப் பாட்டே புடிக்காது" என்றார். பின்னே ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "புடிக்கலேன்னாலும் கேக்கணும். அதுதான் மருந்து. நீயும் உக்காரு, உன் மூஞ்சியைப் பார்த்தா உனக்கும் ரெண்டு வேளை தேவைப்படும்." உட்கார்ந்தேன். பாட்டு நடுவில் எனக்கு அழுகை வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவை. பப்பா பார்க்காத மாதிரி பாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

புதன்கிழமை இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனோம். பப்பாவுக்குத் துக்கத்துக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், மறதியை மழை முடிந்து மறுபடி பார்ப்பார்களாம். அந்தப் புதுப் பெண் ரேடியோ, நடை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். துக்க வீட்டில் பாட்டு வைக்கச் சொல்வது சரியா என்று டாக்டரிடமே கேட்டாள், அவளும் நம் ஊர்ப் பெண்தானே. டாக்டர், "சத்தத்தைக் குறைச்சு வைக்கலாமா?" என்றார். காது கேட்காது என்றேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஒலிந்தா விஷயம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை அக்கா. காலையில் அவர் மூன்று கப் எடுத்து வைத்தார். மூணாவது யாருக்கு என்று மெதுவாகக் கேட்டேன். "அது உனக்கே தெரியலேன்னா, டாக்டர் உனக்குத்தான் கடிகாரம் வரையச் சொல்லணும்" என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? யோசித்துப் பார்த்துவிட்டு மூன்றிலும் டீ ஊற்றினேன்.

இப்போது போன் அடித்தால் எடுக்கிறேன். எடுத்தால் எல்லாம் ஒரே பேச்சுதான். பெர்ப்பெத்து மாமி, மட்காவிலிருந்து அவள் மகள், குவைத்திலிருந்து உங்கள் சித்தப்பா மகன், யாரென்றே தெரியாத ஒருவர். வருஷம்கூட ஆகலை, துக்க வீட்ல பாட்டா, உன் பொண்டாட்டிதானே செத்தது என்கிறார்கள். மருந்து என்றேன். மாத்திரை இல்லையா என்று கேட்கிறார்கள். முதல் சிலருக்கு ஷெவந்தியிலிருந்து ஆரம்பித்து எல்லாம் விளக்கினேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, அப்புறமும் நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நிறுத்தவும் தோன்றவில்லை.

பாவ்காரன் இப்போதுதான் போனான். பப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். பாட்டு தொடங்கிவிட்டது, மேஜைமேல் போனும் அடிக்கத் தொடங்கிவிட்டது. "யாரு?" என்றார். மாமி என்றேன். "அவகிட்ட அப்புறம் பேசு. முதல்ல நட" என்று என் குடையை எடுத்து நீட்டுகிறார்.

வெயில் வந்ததும் ஒரு நாள் இங்கே வாருங்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவளை நினைக்கலாம், சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதுங்கள். கூப்பிட்டால் கிடைக்க மாட்டேன், போனை அணைத்துவிட்டேன்.

அன்செல்ம்